போனை மாத்தும்போது எது உங்க கூட வரும்?

(பூதப்பாண்டியில் ஸ்மார்ட்போன் பயன்படுத்துவோருக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பூதப்பாண்டியில் மைக்கைப் பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும். பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப. ஜீவானந்தம் பிறந்த ஊர் இது. மேடைப் பேச்சுக்கே பேர் போன மனுஷர். நான் பேச வந்திருக்கிறது அவ்வளவு பெரிய விஷயம் எல்லாம் இல்லை. உங்க சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடக்கிற போனைப் பத்தித்தான். இங்கே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும், இதைப் பின்னால் இணைய இதழில் போனிலேயே படிக்கப்போகிற உங்களுக்கும் சேர்த்தே சொல்றேன்.

முதலில் ரெண்டு கேள்வி. பத்து வருஷத்துக்கு முன்னாடி வச்சிருந்த அதே கம்பெனி போனை இப்பவும் வச்சிருக்கிறவங்க யாரு? ஒண்ணு ரெண்டு கைதான் தெரியுது. சரி, பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்த அதே நம்பரை வச்சிருக்கிறவங்க? இப்போ பாருங்க, பாதி ஹாலுக்கு மேல கை தூக்கியாச்சு.

இந்த ரெண்டு கைக்கணக்குக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் இன்னிக்குப் பேச்சு.

போன் என்றால் கண்ணாடியும் பேட்டரியும் கேமராவும் மட்டும் இல்லை. உள்ளே ஒரு இயங்குதளம் இருக்கு. இன்னிக்கு அது பெரும்பாலும் ரெண்டே ரெண்டு: கூகுளோட ஆண்ட்ராய்டு, ஆப்பிளோட ஐஓஎஸ். இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆண்ட்ராய்டு. ஆனா எப்பவும் இப்படி இருந்ததில்லை. சிம்பியன், பிளாக்பெர்ரி, விண்டோஸ் போன் என்று வரிசையா இருந்தன. எல்லாம் போயாச்சு.

நோக்கியாவை மறந்திருக்க மாட்டீங்க. 2003-இல் வந்த நோக்கியா 1100, டார்ச் லைட்டோடு வந்த போன். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அந்த நோக்கியா 2006-இல் நம்ம ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், முக்கியமா பெண்கள், பிளஸ் டூ முடிச்ச கையோடு அங்கே வேலைக்குப் போனாங்க. அப்போ நோக்கியா விழும் என்று யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்போம்.

2007-இல் ஐபோன் வந்தது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போன். நோக்கியாவின் சிம்பியன் அதுக்கு ஈடுகொடுக்க முடியலை. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் பழைய தளத்தைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறப்போவதாக அறிவித்தது. கவனிங்க, நாம மட்டும்தான் தளம் மாறுகிறோம் என்று நினைக்கிறோம். போன் செய்கிற கம்பெனியே தளம் மாறியது. மாறியும் தப்பிக்கலை. 2014-இல் போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வரிப் பிரச்சினை காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. நாம கடையில் "ஆண்ட்ராய்டு ஒண்ணு காட்டுங்க" என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் அந்த ஆலையில் ஒரு வேலை கொஞ்சம் ஆட்டம் கண்டது என்றுகூடச் சொல்லலாம். வரி வழக்கும் சேர்ந்துதான் ஆலையை மூடவைத்தது, அதையும் சொல்லணும்.

பிறகு அதே சுற்றுவட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் 2019-இல் ஐபோன் செய்ய ஆரம்பித்தது. நோக்கியா விட்டுப்போன ஆலையை சால்காம்ப் என்ற, சார்ஜர் தயாரிக்கிற கம்பெனி எடுத்துக்கொண்டது.

சரி, நோக்கியாவின் விண்டோஸ் போன் ஏன் தோத்தது? போன் மோசமா? இல்லை. வச்சிருந்தவங்களைக் கேளுங்க, கேமராவைப் பத்தி இப்பவும் பெருமையாப் பேசுவாங்க. காரணம் வேற. அது புரியணும்னா இங்கேயிருந்து பக்கத்தில் இருக்கிற தோவாளை பூச்சந்தைக்குப் போகணும்.

விடியுறதுக்கு முன்னாடியே பிச்சியும் மல்லியும் தோவாளைக்கு ஏன் வருது? வாங்குறவங்க அங்கேதான் இருக்காங்க, கேரள வியாபாரிகள் உட்பட. வாங்குறவங்க ஏன் அங்கே வர்றாங்க? பூ அங்கேதான் வருது. நாளைக்கு யாராவது பூதப்பாண்டியிலேயே தோவாளையை விடப் பெரிய கொட்டகை போட்டு, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, வாடகை வேண்டாம்னு சொன்னாலும் சந்தை மறுநாளே இடம் மாறிடாது. பூக்காரர் வாங்குறவரைப் பாப்பார், வாங்குறவர் பூக்காரரைப் பாப்பார். ரெண்டு பேரும் தோவாளையிலேயே நிப்பாங்க.

இயங்குதளமும் சந்தைதான். செயலி செய்கிறவர்கள் மக்கள் இருக்கிற தளத்துக்குச் செய்கிறார்கள். மக்கள் செயலி இருக்கிற தளத்துக்குப் போகிறார்கள். விண்டோஸ் போனுக்கு மக்கள் வரலை, அதனால செயலி வரலை. செயலி வரலை, அதனால இருந்த மக்களும் கிளம்பிட்டாங்க.

நம்ம ஆட்கள் கிளம்பின நாட்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. வாட்ஸ்அப் நோக்கியாவின் சிம்பியன் போன்களில் 2017 ஜூனோடு நின்றது. பிளாக்பெர்ரி தளத்திலும் விண்டோஸ் போன் 8.0-விலும் 2017 டிசம்பரோடு. மிச்சம் இருந்த விண்டோஸ் போன்களில் 2019 டிசம்பர் 31-ஓடு. பழைய ஆண்ட்ராய்டுக்கும் விலக்கு இல்லை. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே இருந்த போன்களுக்கு நிறுத்தியாச்சு. இதையெல்லாம் யாரும் வீட்டுக்கு வந்து சொல்றது இல்லை. ஒரு நாள் காலையில் திறந்தா வேலை செய்யாது. "மக்கா, போனு நல்லாத்தானே இருக்கு, வாட்ஸ்அப் மட்டும் எங்க போச்சு?" என்று பேரனிடம் கேட்காத பாட்டா இந்தப் பக்கத்தில் குறைவு. போனில் குறை ஒண்ணும் இல்லை பாட்டா. நீங்க இருந்த சந்தை கலைஞ்சு போச்சு.

நான் இதழியல் படிச்சப்போ, "மக்கள் ஏன் போன் மாத்துறாங்க" என்றால் ஃபேஷன், விளம்பரம், பக்கத்து வீட்டுக்காரர் என்றுதான் எழுதுவோம். அதுவும் உண்டு, இல்லைன்னு சொல்லலை. துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் மகன் அனுப்புகிற ஐபோனுக்கு வீட்டில் தனி மரியாதைதான். ஆனா வேலைக்கு வந்த பிறகு நான் பார்த்த அளவில், நிறையப் பேர் ஆசைப்பட்டு மாறுவது இல்லை. மாற வேண்டிய நிலைமை வந்து மாறுகிறார்கள். 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடினப்போ வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. அந்த வருஷம் பட்டன் போனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறின அம்மாமார்கள் யாரும் கேமராவில் எத்தனை மெகாபிக்சல்னு கேட்கலை. "குழந்தைக்குப் பாடம் வருமா" என்று மட்டும் கேட்டாங்க.

தமிழும் ஒரு காரணமா இருந்தது. ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் பலதில் தமிழில் வந்த மெசேஜ் வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். தமிழில் எழுதணும்னு நினைச்சவங்க எந்தப் போனில் தமிழ் தெரியும்னு விசாரிச்சு வாங்கின காலம் அது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற செயலிகள் பெரிய துணை. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது தமிழ்99 விசைப்பலகையும் அஞ்சல் விசைப்பலகையும் ஐபோனுக்குள்ளேயே வந்தன. தமிழ்99 என்பது 1999-இல் நம் மாநில அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. 2014-இல் ஆண்ட்ராய்டு 5-இல் மெனுவே தமிழுக்கு வந்தது. இப்போ தமிழுக்காக யாரும் தளம் மாற வேண்டியதில்லை. அது பெரிய விஷயம்னு எனக்குத் தோணுது.

அடுத்தது சிக்னல். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு சிம், முற்றத்தில் ஒரு சிம் என்று பழகினவங்க நீங்க. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் இந்த மாவட்டத்தை அடிச்சுப் போட்டப்போ, கரண்டும் போய், டவரும் போய், எந்த சிம்முக்கு ஒரு கோடு சிக்னல் வருதுன்னு எல்லாரும் அலைஞ்சது ஞாபகம் இருக்கும்.

சிம் கம்பெனி மாறினால் நம்பரும் மாறணும் என்ற நிலைமை ஒரு காலத்தில் இருந்தது. அதனாலேயே பலர் பிடிக்காத கம்பெனியிலும் ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நம்பரை மாத்தாமல் கம்பெனியை மாத்தும் வசதி வந்தது. அப்பவும் ஒரு தொல்லை: தமிழ்நாட்டு நம்பரை வட்டத்துக்குள்ளே மட்டும்தான் மாத்தலாம். களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் குடியேறினால் கேரள நம்பர்தான் வாங்கணும். 2015 ஜூலையில் அந்தத் தடையும் நீங்கியது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. முதல் சில மாதம் இலவசம். அதுக்கு முன்னாடி ஒரு ஜிபி டேட்டாவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்தவங்க நாம. ஆனா ஜியோவில் 4ஜி மட்டும்தான், பழைய போனில் போட்டால் பேசவே முடியாது. சிம்முக்காக போனை மாத்தினோம். போனை மாத்தினதால் தளமும் மாறியது.

இந்தப் போட்டியில் அடிபட்டவர்களில் ஒன்று ஏர்செல். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சேவை. 2018 பிப்ரவரியில் அதன் சேவை மாநிலம் முழுக்கத் தடைபட்டது, அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனது. வேற கம்பெனிக்கு மாறணும்னா முதலில் உங்க போனிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பணும். சிக்னலே இல்லாத போனிலிருந்து எப்படி அனுப்புறது? மாற்று வழி ஏற்படுத்தப்படும் வரை லட்சக்கணக்கானவர்கள் தவித்தார்கள். அதில் பலர் "போனா போகுது" என்று புது நம்பர் வாங்கிக்கிட்டாங்க.

அந்த "போனா போகுது" பத்திதான் நான் கொஞ்சம் நின்னு பேசணும்.

உங்க போனில் இருக்கிறதில் பாதி தளத்தோடு கட்டினது, மீதி நம்பரோடு கட்டினது. காசு கொடுத்து வாங்கின செயலி தளத்தோடு கட்டினது. ஆண்ட்ராய்டில் வாங்கினதை ஐபோனில் மறுபடி வாங்கணும். வாட்ஸ்அப் பழைய பேச்சுகளும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் அது கூகுள் டிரைவில் சேமிக்கப்படும், ஐபோனில் ஐகிளவுடில். ஒன்றின் சேமிப்பை இன்னொன்று எடுக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள் "மூவ் டு ஐஓஎஸ்" என்ற செயலியால் கொண்டுபோகலாம். ஆனா அதைப் புது ஐபோனை முதன்முதலில் தயார் பண்ணும்போதே செய்யணும். ஒரு வாரம் பயன்படுத்திட்டு "அப்பா பேசின வாய்ஸ் மெசேஜ் எங்கே" என்று தேடினால், புது போனை முழுக்க அழிச்சிட்டு முதலிலிருந்து வரணும். பழைய போனையும் கடையில் கொடுத்தாச்சுன்னா அதுவும் முடியாது. இறந்துபோனவங்க குரல் அதில்தான் இருக்குன்னு வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியறதில்லை. அதனால புது போன் வேலை செய்யுதுன்னு உறுதியாகும் வரை பழையதைக் கையை விட்டு விடாதீங்க. எக்ஸ்சேஞ்சில் கிடைக்கிற ரெண்டாயிரம் ரூபாய் அதுக்கு ஈடாகாது.

தளம் மாறினா இப்படி நினைவுகள் போகும் என்றால், நம்பர் போனா உரிமைகளே மாட்டிக்கும்.

ஆதாருக்கு வருகிற ஓ.டி.பி. நம்பருக்குத்தான் வரும். ரேஷன் கடையில் என்ன வாங்கினீங்க என்ற குறுஞ்செய்தி, மகளிர் உரிமைத் தொகை ஏறினதும் பேங்கிலிருந்து வரும் மெசேஜ், டிஜிலாக்கர், பட்டா சிட்டாவுக்கான விண்ணப்பம், பேங்க் கணக்கு எல்லாமே நம்பரில்தான் தொங்குது. பயன்படுத்தாமல் விட்ட நம்பர் துண்டிக்கப்பட்டு, அதிலிருந்து 90 நாள் கழிந்தால் வேற ஒருத்தருக்குக் கொடுக்கப்படலாம். உங்க ரேஷன் மெசேஜ் திண்டுக்கல்லில் யாரோ ஒருத்தர் போனுக்குப் போகும். பேங்க் ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும். இந்த ஆபத்துக்காகத்தான் 2025 ஏப்ரல் முதல் வங்கிகளும் யு.பி.ஐ. செயலிகளும் அப்படிக் கைமாறின நம்பர்களைத் தொடர்ந்து நீக்கிக்கிட்டு வர்றாங்க.

ஆக, கம்பெனி பிடிக்கலைன்னா தாராளமா மாறுங்க. நம்பரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு, உங்க நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்து கொண்ட குறியீடு வரும். அது நாலு நாள் செல்லும். அதோடு புது கம்பெனி கடைக்குப் போனா போதும். இதுக்கு இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்கணும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. மாநிலத்துக்குள்ளே மூணு வேலை நாள், வெளி மாநிலத்துக்கு அஞ்சு வேலை நாள். 2024 ஜூலை முதல், தொலைஞ்ச சிம்முக்குப் பதில் சிம் வாங்கியிருந்தா ஏழு நாள் கழிச்சுத்தான் மாற முடியும். தொல்லைதான். ஆனா உங்க பேரில் டூப்ளிகேட் சிம் எடுத்துப் பணத்தைச் சுருட்டுறவங்களுக்கு அதுதான் முட்டுக்கட்டை. பழைய பேலன்ஸ் கூட வராது, தீர்த்திட்டுக் கிளம்புங்க.

நம்பரே மாறிப்போச்சு, பழையது போயே போச்சு என்கிறவர்கள் ஆதாரில் புது நம்பரைச் சேர்க்கிறதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆதார் மையத்துக்கு நேரில் போகலாம். நடக்க முடியாதவங்களுக்கு, அஞ்சலக வங்கி மூலமா தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து தரும் வசதி 2021-லிருந்து இருக்கு. ஆதார் முடிஞ்ச பிறகு பேங்க், அதுக்கப்புறம் ரேஷன் அட்டை.

அரசுத் தரப்பிலும் ஒரு சங்கதி சொல்லணும். செயலி செய்கிறவர்கள் மக்கள் இருக்கிற தளத்துக்கு முதலில் போவாங்கன்னு சொன்னேன்லா, அரசும் அப்படித்தான். ஓய்வூதியர்கள் முகத்தைக் காட்டியே வாழ்நாள் சான்று கொடுக்கும் வசதி 2021 நவம்பரில் வந்தபோது முதலில் ஆண்ட்ராய்டுக்குத்தான் வந்தது. மகன் அனுப்பின ஐபோனை வச்சிருந்த ஓய்வுபெற்ற டீச்சர்கள் பக்கத்து வீட்டு ஆண்ட்ராய்டைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. என்னைக் கேட்டா, எந்த அரசுச் சேவையும் ஒரு தளத்தை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. ரெண்டிலும் வரணும், போனே இல்லாதவருக்கு இ-சேவை மையத்திலும் கிடைக்கணும்.

கடைசியா, மாத்துற அன்னிக்கு என்ன நடக்கும் என்று சொல்லிடறேன். யு.பி.ஐ. செயலி புது போனில் பதிவாகும்போது உங்க சிம்மிலிருந்து தானாவே ஒரு எஸ்.எம்.எஸ். போகும். ரீசார்ஜ் முடிஞ்சிருந்தா அது போகாது, பதிவும் ஆகாது. "சர்வர் சரியில்லை"ன்னு பேங்கைத் திட்டுறவங்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். பதிவான பிறகும் முதல் 24 மணி நேரத்துக்கு, சில போன்களில் அதுக்கு மேலும், 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. சிம்மையும் சேர்த்து மாத்தினா ஒரு நாள் எஸ்.எம்.எஸ்.ஸே வராது, ஓ.டி.பி.யும் வராது. ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டணும், காலேஜ் ஃபீஸ் கடைசி நாள் என்கிற வாரத்தில் போனையும் சிம்மையும் தொடாதீங்க.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குறவங்க காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தி, வருகிற 15 இலக்க எண்ணை சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்க. திருட்டுப் போனாக முடக்கப்பட்டதா என்று தெரியும். உங்க பேரில் எத்தனை சிம் இருக்குன்னும் அதே தளத்தில் பார்க்கலாம். பழையதை விற்கிறவங்க, எல்லாம் புதுசுக்கு வந்துவிட்டது என்று பார்த்த பிறகு, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுசா அழிச்சு, சிம்மையும் மெமரி கார்டையும் கழட்டிட்டுக் கொடுங்க. கணக்கிலிருந்து வெளியேறாமல் அழிச்சுக் கொடுத்தா வாங்கினவரால் திறக்க முடியாமல் போகலாம். அவர் உங்க வாசலுக்குத்தான் வருவார்.

இன்னொண்ணு, சனிக்கிழமை சாயங்காலம் மாத்தாதீங்க. ஏதாவது சிக்கினா பேங்கைப் பார்க்கத் திங்கட்கிழமை ஆயிடும். செவ்வாயோ புதனோ காலையில், பேங்கும் கடையும் திறந்திருக்கிற நேரத்தில் உட்கார்ந்து மாத்துங்க.

நான் இங்கேதான் இருப்பேன். கேள்வி இருக்கிறவங்க போனோடு வாங்க, பார்த்துச் சொல்றேன். ஓ.டி.பி. வந்தா மட்டும் எங்கிட்டகூடக் காட்ட வேண்டாம்.